என் முழங்கால்களும் டாக்டரும்

வானொலியில் சொல்கிறார்கள்:
டாக்டர் எர்மெலிந்தா நம்புரெதே காலமானார்.
நம்புலா மாகாணத்தின் முதல் நரம்பு மருத்துவர்.
இருபத்தாறு வருடம் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர்.
என் முழங்கால்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
அவையும் அங்கேதான் இருந்தன,
அதே இருபத்தாறு வருடம்.

மழை பொய்த்த ஆண்டு அது.
கசப்பு மரவள்ளியை உரித்து
மூன்று வாரம் வெயிலில் போட வேண்டும்.
மூன்று நாள்தான் போட்டோம்.
வயிற்றுக்கு நாள்காட்டி தெரியாது.

எனக்குப் பத்தொன்பது வயது.
விடியலில் தண்ணீருக்கு எழுந்தேன்,
கால்கள் எழவில்லை.
விறைத்து, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு
கத்தரிக்கோல் போல நின்றன.
எங்கள் பக்கம் மட்டும் பதினான்கு பேர்.
பெண்கள், பிள்ளைகள்.
தாதி இளம்பிள்ளை வாதம் என்றார்.
கிணற்றில் எதிரி விஷம் கலந்தான் என்றார் கட்சிச் செயலாளர்.
புருஷன் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை,
என் பாயைச் சுருட்டி வெளியே வைத்தார்கள்.

உப்பு லாரியின் பின்னால் உட்கார்ந்து வந்தார் அவர்.
பாலம் உடைந்திருந்தது.
யாரும் கேட்காததைக் கேட்டார்:
"என்ன சாப்பிட்டீர்கள்?"
அதைப்போல அவமானமான கேள்வி இல்லை.
இல்லாத வீட்டில் அதைக் கேட்பார்களா?
நாங்கள் பொய் சொன்னோம். மீன் என்றோம்.
அவர் கூரைமேல் ஏறிக் கிழங்கை முகர்ந்தார்.

எங்கள் சிறுநீரை ஜாம் பாட்டில்களில் வாங்கிக்கொண்டு போய்
இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து சொன்னார்:
"இது இனி ஏறாது.
இறங்கவும் செய்யாது."
அவ்வளவுதான்.
கையைப் பிடித்துக்கொள்ளவில்லை.
அன்றைக்கு வெறுத்தேன், சும்மா சொல்லக் கூடாது,
நன்றாகவே வெறுத்தேன்.

பிறகு ஆள் அனுப்பினார்:
வகுப்புக்கு வந்தால் பேருந்துக் காசு,
ஐந்து கிலோ பயறு, மதியச் சோறு.
பயறுக்காகப் போனேன்.

சுத்தியல் இல்லை.
குளுக்கோஸ் பாட்டில் ரப்பர் மூடியை
மூங்கில் குச்சியில் செருகித் தட்டச் சொன்னார்.
தலைநகரத்துப் பையன்கள் ஆணி அடிப்பதுபோல் அடித்தார்கள்.
கால் எகிறி ஒருவனின் மூக்குக் கண்ணாடி பறந்தது.
அதற்குப் பிறகு கொஞ்சம் மரியாதை.

அவரே என்னை இரண்டு வருடம்
"ஒன்பதாம் படுக்கை" என்றுதான் அழைத்தார்.
மூன்றாம் வருடம் நான் பதில் சொல்வதை நிறுத்தினேன்.
வகுப்பு முழுக்க மௌனம்.
படுக்கை பேசுமா?
முதலில் காது பரிசோதித்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.
அப்புறம்தான், மெதுவாக,
பெயரைக் கேட்டார்.
ஸுஹுரா.

ஒருமுறை கடல் தாண்டி வந்த பேராசிரியர்
என் முதுகெலும்பில் கட்டி என்று தீர்ப்பளித்தார்.
என்னால் பொறுக்க முடியவில்லை.
"ஐயா, உள்ளங்காலைக் கீறிப் பாருங்கள்.
இரண்டு பெருவிரலும் மேலே போகும்.
ஊசி குத்தினால் எங்கேயும் தெரியும்.
சிறுநீர் என் சொல் பேச்சுக் கேட்கிறது.
கட்டி இப்படியா நடந்துகொள்ளும்?"
டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.
தோள்கள் மட்டும் குலுங்கின.

அடுத்த தேர்விலிருந்து
மதிப்பெண் தாளில் இரண்டாவது கையெழுத்துக்கும் இடம்.
அதற்காகத்தான் எழுத்து கற்றேன்.
பயறு நின்றது, சம்பளம் வந்தது, ரசீதோடு.
எத்தனை டாக்டர்களைத் தோல்வியாக்கியிருக்கிறேன் என்று
இங்கே யாருக்கும் தெரியாது.

இன்று அடக்கம்.
வண்டி அனுப்புகிறோம் என்று தொலைபேசி வந்தது.
போகவில்லை.

இந்த வருடமும் மழை இல்லை.
கூரையில் கிழங்கு காய்கிறது,
ஆடுகளுக்கு இரக்கமில்லை, கம்போடு உட்கார்ந்திருக்கிறேன்.
அடுத்த வீட்டு ஃபுலானே, இடுப்பில் பிள்ளையோடு,
மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறாள்:
"பதினேழு நாள் ஆயிற்றே, அக்கா. போதாதா?"

அவள் கையைப் பிடிக்கவில்லை.
இன்னும் நாலு நாள், என்றேன்.